முத்துக்குளித்துறை: மக்கள் காத்த விசுவாசம்

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில், வேம்பாற்றிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை நீளும் கடற்பகுதி முத்துக்குளித்துறை என்ற பழம்பெயரால் வழங்குகிறது. முத்துச் சிப்பி எடுக்கும் தொழில் அங்கே ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எனினும் அந்த முத்தை நாடி வந்த போர்ச்சுக்கீசியரோடு பதினாறாம் நூற்றாண்டில் நுழைந்த கத்தோலிக்க சமயம், கரையோர ஊர்களின் பெயர்களிலும் மனிதர்களின் பெயர்களிலும் வாரத்தின் நாட்களிலும் கலந்து, இன்றளவும் அம்மக்களின் அன்றாடமாகவே நிலைத்திருக்கிறது. தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, வடக்கன்குளம், கோட்டாறு என்று இக்கரையைப் பின்பற்றிச் செல்லும் பயணம், தொலைவால் இரண்டு நாளில் முடிந்துவிடக் கூடியது. ஆனால் அவ்வூர்களின் கோயில்களையும் அங்கு மக்கள் செய்யும் வழிபாட்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பவருக்கு, அது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு வரலாற்றைக் கடந்து செல்லும் பயணமாக அமைகிறது.

அந்த வரலாறு திரும்பத் திரும்ப உணர்த்துவது ஒன்றே. இக்கரைக்குக் கத்தோலிக்க விசுவாசத்தைக் கொண்டுவந்தவர்கள் குருக்கள். அதைக் காத்தவர்களோ பொதுநிலையினர், அதாவது குருப்பட்டமோ துறவற வார்த்தைப்பாடோ பெறாத சாதாரண மக்கள். நேர்ச்சை, சப்பரம், நவநாள், செபமாலை, அசனம் என்று அவர்கள் கைக்கொண்ட பக்திமுறைகளைச் சமயத்தின் வெளி அலங்காரங்கள் என்று எண்ணுவோர் உண்டு. குருக்கள் இல்லாத காலங்களில் இக்கரையின் விசுவாசம் எவற்றைப் பற்றிக்கொண்டு உயிரோடிருந்தது என்று கேட்டால், அந்த எண்ணம் நிற்காது.

தொடக்கமே அதற்குச் சான்று. 1530களின் நடுவில், முத்துக்குளித்தல் உரிமை தொடர்பான பூசலில் நெருக்கடிக்கு ஆளான, இக்கரையின் கடல்தொழில் சமூகத்தினரான பரதவர், ஜுவான் தெ குரூஸ் என்ற கிறிஸ்தவரின் ஆலோசனைப்படி கொச்சிக்குத் தூது சென்று, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இவ்வாறு கிறிஸ்தவராயினர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. திருமுழுக்குக் கொடுத்த குருக்கள் விரைவில் திரும்பிவிட்டனர். புதிய சமயத்தின் மன்றாட்டுகளைக்கூடக் கற்பிக்க ஆளில்லாமல் அம்மக்கள் சில ஆண்டுகள் விடப்பட்டனர். 1542ஆம் ஆண்டின் இறுதியில் சேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது அவர் கண்டது, பெயரால் கிறிஸ்தவராகவும் அதற்குமேல் அறிய ஏங்கியவராகவும் இருந்த மக்களைத்தான்.

தமிழ் அறியாத சவேரியார், இரு மொழியும் தெரிந்தவர்களைத் துணைக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார் என்பதை அவருடைய கடிதங்களிலிருந்தே அறிகிறோம். கற்ற சிறுவர்கள் அவற்றைத் தம் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. தாம் ஊர் மாறிச் செல்லும்போது, மன்றாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் சாகும் தறுவாயிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அவர் நியமித்தார். இவர்களின் ஊதியத்திற்காக, போர்ச்சுகல் அரசி கத்தரீனாளின் பாதணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணத்தை அவர் கேட்டுப் பெற்றார். அந்தக் கணக்கப்பிள்ளையின் வழித்தோன்றல்களே பின்னாளில் உபதேசியார் என்றும் கோயில்பிள்ளை என்றும் அழைக்கப்பட்டவர்கள். மறைக்கல்வி புகட்டுபவர் உபதேசியார். கோயிலைத் திறந்து மூடி, மணியடித்து, பீடத்தைத் தயார் செய்பவர் கோயில்பிள்ளை. இக்கரையின் சமய வாழ்வில் குருவைவிட நெடுங்காலம் ஊரோடு உடனிருந்தவர்கள் இவர்களே.

தூத்துக்குடி: பனிமய மாதாவும் தங்கத் தேரும்

பயணத்தின் முதல் நிலையான தூத்துக்குடியில், துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில் பனிமய மாதா பேராலயம் நிற்கிறது. ஆகஸ்டு மாதத்தில் உரோமை நகரின் எஸ்குலின் குன்றின்மேல் பனி பெய்தது என்ற பழைய புனித மரபிலிருந்து இந்த மரியன்னைப் பெயர் பிறந்தது. போர்ச்சுக்கீசிய வடிவத்தில் அதுவே தஸ்நேவிஸ் ஆகி, இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இடும் பெயராகவும் வழங்குகிறது. மாதாவின் மரச் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது கோயில் மரபு. மணிலா ஸ்பானியரின் தலைநகரானது 1571இல்தான் என்பதால் இச்செய்தியை மரபாகவே கொள்ள வேண்டும். ஆயினும் அச்சுரூபம் கடல் வழியாக வந்தது என்ற நினைவு, கடலை நம்பி வாழும் மக்களுக்கு அதை எவ்வளவு நெருக்கமாக்கியது என்பதைத் திருவிழாவுக்குச் செல்லும் எவரும் உணரலாம்.

மரியாளின் பெற்றோரான சுவக்கீன், அன்னாள் ஆகியோரின் திருநாளான ஜூலை 26இல் கொடியேறி, ஆகஸ்டு 5இல் பெருவிழா நிறைவடைகிறது. கொடியேற்றம் என்பது மாதாவின் உருவம் தீட்டிய கொடிப்பட்டத்தை ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடிமரத்தில் ஏற்றி, ஊர் முழுவதும் விழாக் காலத்துக்குள் நுழைந்துவிட்டதை அறிவிக்கும் சடங்கு. அன்று முதல் நாள்தோறும் செபமாலை, மறையுரை, நற்கருணை ஆசீர் ஆகியவை நடைபெறும். ஒவ்வொரு நாளின் வழிபாட்டையும் ஒரு குழுவோ தொழில் சார்ந்த அமைப்போ பங்கோ முன்னின்று நடத்தும். பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் சமூகம். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் சரக்குக் கப்பல்களிலும் வேலை செய்வோர் இந்நாட்களைக் கணக்கிட்டே விடுப்பு எடுக்கின்றனர். திருமணப் பேச்சும் சொத்துப் பேச்சும் மனத்தாங்கல் தீர்ப்பதும்கூட இந்த நாட்களுக்கென ஒதுக்கி வைக்கப்படுவதுண்டு.

இப்பேராலயத்தின் புகழுக்குரிய தங்கத் தேர், ஆண்டுதோறும் அல்லாமல் சிறப்பு ஆண்டுகளில் மட்டும் இழுக்கப்படுவது. இது முதன்முதலாக ஓடியது 1806இல். அந்த ஆண்டைக் கவனித்தல் வேண்டும். 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றிக் கோயில்களைத் தம் வசமாக்கினர். சீர்திருத்தச் சபைப் போதகர் பால்தேயுஸ் பரதவரைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்றும் அம்மக்கள் இணங்கவில்லை. மறைவாக வந்துபோன குருக்களையும் வீட்டுச் செபத்தையும் கொண்டு அவர்கள் தங்கள் வழிபாட்டைக் காத்துக்கொண்டனர். பின்னர் 1773இல் சேசு சபை திருத்தந்தையால் கலைக்கப்பட்டபோது, தென்தமிழகத்தில் அச்சபை நடத்திவந்த மதுரை மறைபணித்தளமே ஆளற்றுப் போயிற்று; அச்சபையின் குருக்கள் திரும்பிவர 1830களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோவாவிலிருந்து வந்த சில குருக்களைத் தவிர வேறு துணையில்லாத அந்த இடைக்காலத்தில்தான், தேர்மாறன் எனப் புகழ்பெற்ற பரதவர் சாதித் தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸின் முயற்சியால் தங்கத் தேர் உருவாயிற்று. குருக்கள் குறைந்து நிர்வாகம் தளர்ந்திருந்த காலத்தில், ஒரு சமூகம் தன் உழைப்பின் பெரும்பங்கைக் கொட்டித் தன் அன்னைக்குத் தேர் செய்தது. 1982இல் உரோமை இக்கோயிலுக்குப் பேராலயம் என்ற தகுதியை வழங்கியது. மக்கள் அதற்கு அளித்த தகுதி அதனினும் பழமையானது.

புன்னைக்காயல்: செபம் அச்சேறிய கரை

தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்தில் புன்னைக்காயல் அமைந்துள்ளது. அண்டையில் இஸ்லாமியரின் பழம்பதியான காயல்பட்டினமும், சற்றுத் தெற்கே முருகனின் திருச்செந்தூரும் இருப்பதால், மூன்று சமயங்களின் வழிபாட்டு ஓசையும் ஒரே நாளில் கேட்கக்கூடிய நிலப்பகுதி இது. இன்று அமைதியான மீனவ ஊராகக் காட்சி தரும் புன்னைக்காயல், பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை மறைபணியின் நடுவிடமாக விளங்கியது. சவேரியாருக்குப் பின் இக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்த அண்ட்ரிக் அடிகளார் என்னும் என்ரீக்கே என்ரீக்கஸ் 1600இல் காலமானதும் இவ்வூரில்தான்.

அண்ட்ரிக் அடிகளார் தமிழை ஆழக் கற்று, அம்மொழியில் மறைநூல்களை ஆக்கினார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்திய மொழி ஒன்றில் அதன் சொந்த எழுத்திலேயே அச்சாகிக் கிடைத்துள்ள முதல் நூல். மறுஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கமும், 1586இல் புனிதர்களின் வரலாறுகளைக் கூறும் பெருநூலான அடியார் வரலாறும் வெளிவந்தன. தமிழ் அச்சு வரலாற்றில் இந்நூல்கள் பெற்ற இடம் பலரும் அறிந்ததே. அவற்றின் அச்சுக்குப் பரதவரே பொருளுதவி செய்தனர் என்பதும், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க ஊரார் கூடிக் கேட்கும் வகையில் அவை பயன்பட்டன என்பதும் அதே அளவு நினைக்கத்தக்கவை. புனிதர்களின் கதைகள் இவ்வாறு செவிவழி பரவியதால்தான் செபஸ்தியார், எஸ்தாக்கியார், சந்தியாகப்பர் முதலிய பெயர்கள் கரையோர வீடுகளில் பாட்டனார் பெயராகவும் பேரன் பெயராகவும் தொடர்ந்தன. அவர்களின் வாழ்க்கை விடிய விடிய நடிக்கப்படும் நாடகங்களாகவும் ஊர்களில் வேரூன்றியது.

மணப்பாடு: குன்றின்மேல் சிலுவை

திருச்செந்தூரைக் கடந்து தெற்கே சென்றால் குலசேகரன்பட்டினமும், அதனையடுத்து மணப்பாடும் வருகின்றன. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில், நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் குறவராகவும் அரசராகவும் வேடமிட்டுக் காணிக்கை பிரித்து அம்மனுக்குச் செலுத்துவது உலகறிந்த வழக்கம். நேர்ச்சை என்பது, ஒரு வேண்டுதல் நிறைவேறினால் இன்னதைச் செய்வேன் என்று இறைவனோடும் புனிதரோடும் செய்துகொள்ளும் வாக்கு. அந்த வாக்கின் இலக்கணம் இந்தச் சில கிலோமீட்டர் தொலைவில் சமய எல்லை கடந்து ஒன்றாகவே இருப்பதை மணப்பாட்டை அடைந்ததும் காணலாம்; ஏனெனில் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலே ஒரு நேர்ச்சையின் விளைவாகத் தோன்றியது என்பதுதான் அதன் தலமரபு. 1540இல் புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய வணிகக் கப்பலின் தலைவர், உயிர் பிழைத்தால் முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி நாட்டுவதாக வேண்டிக்கொண்டு, கரை சேர்ந்தபின் இங்குள்ள மணற்குன்றின் மீது அதை நாட்டினார் என்றும், 1581இல் அவ்விடத்தில் கோயில் எழுந்தது என்றும் அம்மரபு கூறுகிறது.

மூன்று புறமும் நீர் சூழக் கடலுக்குள் நீண்டிருக்கும் அந்தக் குன்றின் அடிவாரத்தில், கடலை நோக்கிய ஒரு குகை இருக்கிறது. சவேரியார் தங்கிச் செபித்த இடமாக மக்கள் அதைப் போற்றுகின்றனர். உப்புக்காற்று அரித்த பாறைக் கூரையின் கீழ் குனிந்தே நுழைய வேண்டிய அந்தச் சிற்றிடத்தில், மெழுகுதிரிப் புகை படிந்த சுவரையும் அருகேயுள்ள நன்னீர்க் கிணற்றையும் காணலாம். அலையடிக்கும் தொலைவில் உப்புக் கரிக்காத நீர் கிடைப்பதைச் சவேரியாரின் அருளாகக் கருதும் திருப்பயணிகள், அந்நீரைப் புட்டிகளில் நிரப்பி வீட்டு நோயாளிகளுக்காக எடுத்துச் செல்கின்றனர்.

செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா. இயேசு அறையுண்ட சிலுவையின் துணுக்கு என்று போற்றப்படும் அருளிக்கம், அதாவது புனிதப் பொருள், அன்று மக்களின் முத்தத்திற்காக வைக்கப்படும். நெடிய வரிசையில் நிற்பவர்களில் கத்தோலிக்கரோடு பிற சமயத்தவரும் உண்டு. சிலுவை அவமானத்தின் சின்னமாக இருந்து மீட்பின் சின்னமாக மாறியது என்னும் இறையியலை அந்த வரிசையில் நிற்போர் பலர் சொற்களில் விளக்க மாட்டார்கள்; எனினும் கடலில் கணவனையோ மகனையோ இழந்த பெண் ஒருத்தி தன் நெற்றியை அந்த அருளிக்கத்தில் வைக்கும்போது, அந்த இறையியல் முழுவதையும் அவள் அறிந்தே செய்கிறாள் என்பதில் ஐயமில்லை.

உவரி: பதின்மூன்று நாள்

உவரியில் கத்தோலிக்கரின் அந்தோனியார் திருத்தலமும் சைவரின் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே கடற்கரையில் உள்ளன. சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வருவோர் கடல் மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து கரையேற்றி நேர்ச்சை செலுத்துகின்றனர். அந்தோனியார் கோயிலுக்கு வருவோர் கடலில் குளித்து, ஈர உடையோடு வந்து மண்டியிடுகின்றனர். 1195இல் லிஸ்பன் நகரில் பிறந்து, 1231 ஜூன் 13இல் இத்தாலியின் பதுவை அருகே இறந்த அந்தோனியார், மறுஆண்டே புனிதராக உயர்த்தப்பட்டவர். போர்ச்சுகல் மண்ணின் மைந்தர் என்பதால் அந்நாட்டு மாலுமிகள் அவரைத் தம் துணைவராகக் கொண்டனர். கப்பலில் கொள்ளைநோய் கண்டபோது அவர்கள் செதுக்கி வேண்டிய சுரூபமே உவரியில் உள்ளது என்பது இத்தலத்தின் மரபு.

அவர் அடக்கம் செய்யப்பட்டது செவ்வாய்க்கிழமை என்பதால், செவ்வாய் அவருக்குரிய நாளாயிற்று. திருவிழா நாட்களைக் காட்டிலும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையே உவரியை அறிந்துகொள்ள ஏற்ற நேரம். திருநெல்வேலி, தென்காசி, விருதுநகர்ப் பகுதிகளிலிருந்து பேருந்திலும் வேனிலும் வந்திறங்குபவர்கள், நவநாள் செபத்தில் கலந்துகொள்கின்றனர். ஒரு புனிதரை முன்னிட்டுக் குறிப்பிட்ட நாட்கள் அல்லது வாரங்கள் தொடர்ந்து செய்யப்படும் மன்றாட்டு நவநாள் எனப்படும். செபத்தினிடையே மக்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களும் நன்றிகளும் வாசிக்கப்படுகின்றன: மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, கணவனுக்குக் குடியிலிருந்து விடுதலை, கடனிலிருந்து மீட்சி, நெடுநாள் கழித்துப் பிறந்த குழந்தைக்கு நன்றி. இவ்வேண்டுதல்களைக் கொடுக்கல் வாங்கல் என்று தாழ்த்திப் பேசுவது எளிது. ஆனால், தன் குடும்பத்தின் வெட்கத்தையும் வலியையும் வேறெந்த மன்றத்திலும் சொல்ல வழியில்லாத ஒருவர், பெயர் சுட்டப்படாமல் அதைச் சபையின் முன் வைக்கவும், முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் அவருக்காகக் குரலெழுப்பி மன்றாடவும் இடந்தருகின்ற ஒன்றை வெறும் பேரம் என்று சொல்லிவிட முடியாது.

தை, மாசியை ஒட்டி வரும் உவரிப் பெருவிழா பதின்மூன்று நாள் நடக்கும். அந்நாட்களில் பல குடும்பங்கள் கோயிலைச் சுற்றிக் குடில் அமைத்துத் தங்கிவிடுகின்றன. மனநோயால் அலைக்கழிக்கப்பட்டோரையும், பேய் பிடித்ததாக ஊரார் கருதுவோரையும் வீட்டார் இங்கே அழைத்துவந்து உடன் தங்குவது நெடுநாளைய வழக்கம். மருத்துவத்துக்கு மாற்றாக இதனைக் கொள்வது தவறு என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். அதே வேளையில், நோயாளியை ஒளித்து வைக்காமல், உற்றார் அனைவரும் தொழிலை விட்டுவிட்டு அவரோடு பதின்மூன்று நாள் மணலில் படுத்துறங்குவதில் உள்ள அன்பையும் பார்க்க வேண்டும். விழாவின் நிறைவில் வைக்கப்படும் அசனம், அதாவது நேர்ச்சையாகச் சமைத்துச் சாதி, சமயம் பாராமல் பரிமாறப்படும் பொது உணவு, அந்த அன்பின் விரிவே ஆகும். உவரியில் பிறந்த எழுத்தாளர் ஜோ டி குரூஸ் தம் ஆழி சூழ் உலகு, கொற்கை ஆகிய நாவல்களில் காட்டும் வாழ்க்கையில் கடலும் கோயிலும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடப்பதன் காரணம், இக்கரையில் சிலகாலம் தங்கியவருக்கு விளங்கிவிடும்.

வடக்கன்குளமும் காற்றாடிமலையும்

உவரியிலிருந்து கூடங்குளம், இடிந்தகரை வழியாகச் சாலை கன்னியாகுமரியை அடைகிறது. 2011இல் கூடங்குளம் அணுவுலைக்கு எதிராகப் போராட்டம் எழுந்தபோது இடிந்தகரை லூர்து மாதா கோயிலின் முன்பு போடப்பட்ட பந்தலே மக்களின் மன்றமாயிற்று என்பது, கோயில் முற்றம் இவ்வூர்களில் வழிபாட்டிடமாக மட்டும் இருப்பதில்லை என்பதை நாடறியச் செய்தது. கன்னியாகுமரியில் கடலை நோக்கி வெண்ணிறத்தில் உயர்ந்து நிற்கும் அலங்கார உபகார மாதா கோயிலின் நடுக்கோபுரம் 153 அடி உயரமுடையது. அது முழுச் செபமாலையின் 153 மணிகளைக் குறிப்பதாகச் சொல்லப்படுகிறது. செபமாலை என்பது இயேசு, மரியாள் ஆகியோரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை மனத்தில் எண்ணியபடி, மணிக்கு ஒரு மங்கள வார்த்தை செபமாகச் சொல்லும் தியானம். நூலும் குருவும் கோயிலும் இல்லாவிட்டாலும் சொல்லக்கூடிய செபம் அது. இக்கரையில் அந்திக்குப் பின் வீட்டுத் திண்ணையில் அதைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்மணியே.

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே உள்நாட்டில் அமைந்த வடக்கன்குளத்தில், இந்தப் பக்தி வரலாற்றின் துயரமான பக்கத்தையும் பயணி எதிர்கொள்கிறார். 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயில், பீடத்தில் கூடி இரண்டு கிளைகளாகப் பிரியும் வடிவில் கட்டப்பட்டது. வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பூசையைக் காண்பதற்கான ஏற்பாடு அது. பிரித்து நின்ற தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. வழக்கும் மனக்கசப்பும் அதனைத் தொடர்ந்தன. குருக்கள் இல்லாத காலத்தில் விசுவாசத்தைக் காத்த அதே ஊர்க்கட்டும் சாதிக்கட்டும், குருக்கள் இருந்த காலத்தில் அந்த விசுவாசத்தையே கூறுபோட்டன. மக்கள் பக்தியைப் போற்றுவோர் இதை மறைத்தால், அவர்கள் போற்றுதலில் உண்மை குறைந்துவிடும்; தலித் கிறிஸ்தவர்கள் கல்லறையிலும் தேரோடும் தெருவிலும் சமவுரிமை கேட்டு நடத்தும் போராட்டம் தமிழகத்தின் பல பங்குகளில் இன்னும் முடியவில்லை.

இவ்வடக்கன்குளத்தில்தான், திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த நட்டாலத்து நீலகண்டன் 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைத்தலைவரான தெலனோய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்த அவர், சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். நெடிய சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். உரோமை அவரை 2012இல் அருளாளராகவும், 2022 மே 15இல் புனிதராகவும் அறிவித்தது. புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே. மக்களோ இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே அவரிடம் வேண்டத் தொடங்கிவிட்டனர். அவருடைய வரலாற்றை நாடகமாக்கி ஊர்தோறும் நடித்தனர். காற்றாடிமலையில், அவர் இறந்த வேளையில் உருண்டு விழுந்ததாகக் கருதப்படும் ஒரு பாறைக்கு மணியடிச்சான் பாறை என்று பெயர். சிறு கல்லால் தட்டினால் அது வெண்கல மணிபோல ஒலிக்கிறது. தட்டித் தட்டிக் குழிந்துபோன இடங்களில் குழந்தைகளின் கைபிடித்து மீண்டும் தட்டச் செய்யும் பெற்றோர், அதே நேரத்தில் அந்தக் கதையைச் சொல்லியும் விடுகின்றனர். மறைக்கல்வி வகுப்புக்கு முன்பாகவே ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் புனிதர் அறிமுகமாகிறார்.

கோட்டாறு: உப்பும் மிளகும்

தேவசகாயத்தின் கல்லறை நாகர்கோவிலின் கோட்டாற்றில், சவேரியார் பேராலயத்துக்குள் இருக்கிறது. சவேரியாரின் பெயரோடு தமிழகத்தில் மிக நெருங்கிய தொடர்புடைய இக்கோயிலின் திருவிழா நவம்பர் இறுதியில் தொடங்கி, அவருடைய திருநாளான டிசம்பர் 3இல் நிறைவடைகிறது. இறுதி நாட்களில் தேர்கள் வீதியுலா வரும்போது, வழியோரத்தில் காத்து நிற்போர் உப்பும் மிளகும் மலர்மாலையும் காணிக்கையாக இடுகின்றனர். உடம்பில் தோன்றும் பருவும் மருவும் பிற உபாதைகளும் உப்பு கரைவதுபோலக் கரைய வேண்டும் என்பது அக்காணிக்கையின் பொருள் என்று மக்கள் சொல்வதுண்டு. தேருக்குப் பின்னால், நேர்ந்துகொண்ட ஆண்களும் பெண்களும் தரையில் விழுந்து எழுந்து வருவதற்குக் கும்பிடு நமஸ்காரம் என்று பெயர். டிசம்பர் மழையில் நனைந்த தார்ச்சாலையில், முழங்கையும் முழங்காலும் சிராய்க்க, ஒருவர் விழுந்தெழும் இடத்துக்கு முன்னே அவருடைய தங்கையோ மகளோ துண்டால் ஈரத்தையும் கற்களையும் துடைத்துக்கொண்டே செல்வதைக் காணலாம். நேர்ச்சை ஒருவருடையதாக இருந்தாலும், அதைச் சுமப்பது குடும்பம் முழுவதும்தான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கரையைத் தாக்கிய நாட்கள், இத்திருவிழாக் காலத்தோடு ஒன்றின. ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26இல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலையும் இக்கரையின் மீது ஏறியது. இறைவனுக்குரிய நாட்களில் இவை நேர்ந்ததால் மக்களின் நம்பிக்கை குலைந்திருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணலாம். ஆனால் கோயில்களே முகாம்களாயின, காணாமற்போனவர்களின் பெயர்ப்பட்டியல் பங்குகளில் தயாரிக்கப்பட்டது, நினைவுத் திருப்பலியில் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. துன்பத்துக்கு விளக்கம் தேடுவதைவிடத் துன்புற்றவரைத் தனியே விடாதிருப்பதையே தங்கள் சமயத்தின் முதற்கடமையாக அம்மக்கள் கொண்டிருந்தனர்.

மக்கள் பக்தியின் மதிப்பு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) வழிபாட்டை மக்களின் மொழிக்குக் கொண்டுவந்த பின்பு, தமிழகத்தில் சில காலம் மக்கள் பக்திமுறைகள் பழமையின் எச்சங்கள் என்று ஒதுக்கிப் பார்க்கப்பட்டன. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்புப் பற்றிய திருத்தூது ஊக்கவுரையும், திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட நற்செய்தியின் மகிழ்ச்சி என்ற ஊக்கவுரையும், எளியோரின் பக்தியை மதித்து அதனிடமிருந்து கற்க வேண்டும் என்று எடுத்துரைத்தன. முத்துக்குளித்துறையின் வரலாறு அறிந்தவருக்கு இது புதிய போதனை அன்று. 1537க்குப் பிந்தைய ஆண்டுகளிலும், 1658க்குப் பின்பும், 1773க்குப் பின்பும் குருக்களின்றி நின்ற போதெல்லாம், விசுவாசத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தவை கணக்கப்பிள்ளையின் மனப்பாடமும் பாட்டிமாரின் செபமாலையும் ஊராரின் தேரும்தாம்.

அவற்றுள் சில இன்று நலிந்துவருகின்றன. பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை உருக்கத்தோடு இசைத்து வாசிக்கும் வியாகுல பிரசங்கம், இலங்கையில் டச்சு ஆட்சியின்போது கத்தோலிக்கரிடையே உழைத்த கோவா நாட்டுக் குரு யாக்கோமே கொன்சால்வஸின் பெயரால் வழங்குவது. அதை முறையாக இசைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஓரிருவரே எஞ்சியுள்ளனர். தேவசகாயம் நாடகமும் ஞானசௌந்தரி நாடகமும் மூவரசர் நாடகமும் எழுதப்பட்ட நோட்டுப் புத்தகங்கள், அண்ணாவியார் என்னும் நாடக ஆசிரியர்களின் வீட்டுப் பெட்டிகளில் செல்லரித்து வருகின்றன. கோயில்பிள்ளைகளும் உபதேசியார்களும் தலைமுறை தலைமுறையாக ஆற்றிய பணி, பங்கு வரலாறுகளில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் போகிறது. புதிய கோபுரங்களுக்கும் மின்விளக்கு அலங்காரங்களுக்கும் செலவிடும் மறைமாவட்டங்களும் ஊர்க் குழுக்களும், அச்செலவில் சிறு பங்கை ஒதுக்கி இந்தப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, நாடகப் படிகளைத் தொகுத்து, உபதேசியார்களின் பெயர்களைக் கோயில் கல்வெட்டில் பொறிக்கலாம். தம்பிரான் வணக்கம் அச்சேறப் பொருள் தந்தவர்கள் இக்கரையின் எளிய மக்கள். அவர்கள் வாயிலும் மனத்திலும் வாழ்ந்துவரும் செல்வத்தை அச்சேற்றுவது, அவர்களுக்கு இத்தலைமுறை செலுத்த வேண்டிய நேர்ச்சைக்கடன்.